ஓடுபாதை முடிகிற இடம்: அமேலியா ஏர்ஹார்ட் புறப்பட்ட கதை

யூடியூபில் தேடினால் அந்தப் பழைய படத்துண்டு இன்றும் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளை, ஒலி இல்லை. மெலிந்த பெண் ஒருவர் இரட்டை இயந்திர விமானத்தின் இறக்கையில் ஏறி உள்ளே இறங்குகிறார். பின்னர் அந்த விமானம் தூசி பறக்க ஓடுகிறது. இடம் நியூ கினியின் லே. நாள் 1937 ஜூலை 2, காலை பத்து மணி. ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 3,000 அடி. அதன் முடிவில் தரை சட்டென்று இறங்க, அப்பால் கடல். விமானத்தில் இருந்த எரிபொருள் மட்டும் 1,100 அமெரிக்கக் கலன், அதாவது 3 தொன் அளவில். விமானத்தின் மொத்த எடை சுமார் 15,000 இறாத்தல். தொழிற்சாலை அந்த ரகத்துக்குச் சாதாரணமாக அனுமதித்த எடையோ 10,500 இறாத்தல்.

விமானத்தை ஓட்டியவர் அமேலியா ஏர்ஹார்ட். அடுத்த நாள் அவர் இல்லை.

அவரைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் இந்த இடத்திலிருந்து முன்னோக்கி ஓடுகின்றன. எங்கே விழுந்தார், எந்தத் தீவில் எலும்பு கிடைத்தது, ஜப்பானியர் பிடித்தார்களா என்று. எனக்கு அதில் ஆர்வமில்லை. காணாமல்போனவர் என்ற சொல்லை ஒரு புதிர்க்கதைக்காக இலேசாக எடுத்து விளையாட நம் நாட்டில் வளர்ந்த ஒருவருக்குக் கை வராது. சிறிய விமானங்களை ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் அவரைப் பற்றி வாதிடுவது இன்னொரு கேள்வியை வைத்து: அந்த எடையோடு அந்தப் பாதையில் புறப்பட்டது துணிச்சலா, திறமையா, புத்தியீனமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போகிறது.

விமானம் தரையை விட்டு எழும்ப ஒரு குறிப்பிட்ட வேகம் வேண்டும். எடை கூடினால் அந்த வேகமும் கூட வேண்டும். அந்த வேகத்தை எட்ட எடுக்கும் தூரமோ அதைவிட வேகமாகக் கூடும். எடை 10 வீதம் ஏறினால் ஓட வேண்டிய தூரம் 20 வீதம் ஏறும் என்பது விமானிகள் இன்றும் கைவிரலில் வைத்திருக்கும் கணக்கு. வெயில் ஏறினால் காற்று ஐதாகும், தூரம் கூடும். உயரமான ஊர் என்றாலும் அப்படித்தான். ஈரப் புல், சேறு, பின்னாலிருந்து வீசும் காற்று எல்லாமே பாதையைத் தின்கிறவை. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியது. ஒன்றாகச் சேரும்போதுதான் மரம் தெரிகிற தூரத்துக்கு வந்துவிடுகிறது. இதனால்தான் பாதையின் பாதியில் ஓர் அடையாளம் வைத்து, அந்த இடத்தில் புறப்படும் வேகத்தில் 70 வீதம் வரவில்லையென்றால் நிறுத்திவிடு என்று கற்பிக்கிறார்கள். நிறுத்துவது என்ற முடிவை ஓடத் தொடங்குமுன் எடுத்திருக்க வேண்டும். ஓடும்போது யோசிக்க நேரமில்லை.

அமேலியா 1897 ஜூலை 24 அன்று கன்சாஸ் மாநிலத்தின் அட்சிசனில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் நீதிபதி, வசதியான வீடு. தகப்பனார் ரயில்வே நிறுவனங்களுக்கு வேலை செய்த வழக்கறிஞர். குடி அவருடைய தொழிலையும் குடும்பத்தையும் குலைத்தது. முதலாம் உலகப்போர் முடிகிற காலத்தில் டொராண்டோவில் காயப்பட்ட சிப்பாய்களுக்கான மருத்துவமனை ஒன்றில் தாதி உதவியாளராக இருந்தார். 1920 டிசம்பரில் கலிபோர்னியாவில் 10 டொலர் கொடுத்துப் பத்து நிமிடம் விமானத்தில் பறந்தார். அடுத்த மாதமே பயிற்சி தொடங்கிவிட்டது. கற்பித்தவரும் ஒரு பெண், நீட்டா ஸ்னூக். காசுக்காகத் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்தார், படம் பிடித்தார், லொறி ஓட்டினார். மஞ்சள் நிறமடித்த ஒரு கின்னர் விமானத்தையும் வாங்கிக்கொண்டார்.

அந்தக் கின்னரில்தான் முதல் பாடம் கிடைத்தது. ஸ்னூக் தன் நினைவு நூலில் அதைச் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒன்றாகப் புறப்பட்டபோது விமானம் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. முன்னால் யூகலிப்டஸ் தோப்பு. அமேலியா மூக்கை மேலே இழுத்தார். யாருக்கும் கை அப்படித்தான் போகும். மரம் வருகிறது, மேலே போக வேண்டும், இழு. ஆனால் வேகம் போதாத விமானத்தின் மூக்கை உயர்த்தினால் இறக்கைக்கு மேல் ஓடும் காற்று பிரிந்துபோகும். தூக்கும் விசை அந்தக் கணமே அற்றுவிடும். விமானிகள் இதை ஸ்டால் என்கிறார்கள். விமானம் விழுந்து நொறுங்கியது. இருவருக்கும் பெரிய காயமில்லை. ஸ்னூக் திரும்பிப் பார்த்தபோது மாணவி மூக்குக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தாராம், பத்திரிகைக்காரர் வந்தால் ஒழுங்காகத் தெரிய வேண்டுமே என்று.

பவுடர் கதையை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியம், அந்தக் கை இழுத்த இழுப்பு.

1928 இல் அவரை உலகுக்குத் தெரியவைத்த பயணத்தில் அவர் விமானத்தைத் தொடவே இல்லை. அட்லாண்டிக்கைக் கடக்கும் முதல் பெண் ஒருவரைப் பதிப்பாளர் ஜோர்ஜ் புட்னம் தேடிக்கொண்டிருந்தார், அமேலியா தெரிவானார். விமானி வில்மர் ஸ்டுல்ட்ஸ், இயந்திரவியலாளர் லூயிஸ் கோர்டன், பிரெண்ட்ஷிப் என்ற பெயர் கொண்ட மிதவை விமானம். நியூபவுண்ட்லாந்தின் ட்ரெபாசி குடாவில் ஏறக்குறைய இரண்டு கிழமை அடைபட்டுக் கிடந்தார்கள். எரிபொருளோடு மிதவைகள் நீரை விட்டு எழும்ப மறுத்தன. ஓடிப் பார்ப்பது, தோற்பது, எதையாவது இறக்கிவைப்பது, மறுபடி ஓடுவது. கடைசியில் எரிபொருளிலும் ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் எழும்ப முடிந்தது. 20 மணித்தியாலம் 40 நிமிடங்களின் பின் வேல்ஸின் பரி போர்ட்டில் இறங்கியபோது தாங்கிகள் கிட்டத்தட்ட வரண்டிருந்தன. ட்ரெபாசியில் இறக்கிவைத்ததன் விலை அது. புறப்பட முடிகிற எடைக்கும் போய்ச் சேரப் போதுமான எடைக்கும் நடுவில் இருந்த இடைவெளி எவ்வளவு ஒடுக்கம் என்பதை அமேலியா பின் ஆசனத்தில் இருந்து பார்த்தார். ஸ்டுல்ட்ஸ் அந்த நாட்களில் கடுமையாகக் குடித்தார். குடியைத் தன் வீட்டிலேயே கண்ட பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். மறுவருடம் ஸ்டுல்ட்ஸ் ஒரு விபத்தில் இறந்தார்.

ஊர்வலம், விருந்து, புகைப்படம் எல்லாம் அமேலியாவுக்குக் கிடைத்தன. தன்னை ஒரு கிழங்கு மூட்டைக்கு ஒப்பிட்டுக்கொண்டார். அந்த வெட்கத்தை அவர் உண்மையாகவே உணர்ந்தார் என்பதற்கு அடுத்த நான்கு வருடங்களே சாட்சி. 1929 இல் பெண் விமானிகளின் சங்கமான நைன்டி-நைன்ஸ் உருவாக முன்னின்றார். 1931 இல் புட்னத்தை மணந்தார். 1932 மே 20 மாலை நியூபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேஸிலிருந்து சிவப்பு லொக்ஹீட் வேகாவில் தனியே புறப்பட்டு, உயரமானி பழுதாகி, இறக்கையில் பனி படிந்து, புகைக்குழாய் வெடிப்பில் நெருப்புத் தெரியத் தெரியப் பறந்து, சுமார் 15 மணித்தியாலத்தில் வட அயர்லாந்தின் டெரிக்கு அருகே ஒரு மேய்ச்சல் நிலத்தில் இறங்கினார். இந்தக் கதை பலருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாதது 1935 மே மாத மெக்சிக்கோ. மெக்சிக்கோ நகரிலிருந்து நியூவார்க்குக்கு இடைநிற்காமல் போக விரும்பினார். நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேல். அந்த உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் இயந்திரமும் முழுப் பலத்தைத் தராது, இறக்கையும் தூக்காது. எரிபொருள் நிறைந்த வேகாவுக்கு அங்குள்ள விமானத்தளம் போதாது. அவர் என்ன செய்தார்? வற்றிப்போன டெக்ஸ்கோகோ ஏரியின் படுகையைத் தெரிந்தெடுத்தார். மெக்சிக்கோப் படையினரின் உதவியோடு அங்கே மூன்று மைல் நீளத்துக்குப் பாதை சீராக்கப்பட்டது. நாள் கணக்கில் காலநிலைக்காகக் காத்திருந்தார். மே 8 அன்று புறப்பட்டபோது அந்த நீளத்தில் முழுவதும் தேவைப்படவில்லை.

அவரை விளம்பரத்தால் ஊதிப் பெருக்கப்பட்ட அரைகுறை விமானி என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது டெக்ஸ்கோகோவைத்தான். குறுகிய பாதையில் அதிரடியாக எழும்புவது அல்ல சாதுரியம், பாதையை நீட்டிக்கொள்வதுதான். அதில் வீரக்கதை இல்லாததால் அது சொல்லப்படுவதில்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அவருடைய காலத்துச் சாதனை விமானியான எலினோர் சிமித்தே அமேலியாவின் கைத்திறனைப் பற்றிக் கடுமையான அபிப்பிராயம் வைத்திருந்தார். 1937 மார்ச் 20 அன்று ஹவாயின் லூக் தளத்தில் நடந்ததைப் பார்த்தால் அதைச் சும்மா பொறாமை என்று தள்ளிவிட முடியவில்லை.

பூமத்திய ரேகையை ஒட்டி உலகைச் சுற்றும் பயணம் அது. பர்டியூ பல்கலைக்கழகத்தின் உதவியோடு கிடைத்த லொக்ஹீட் எலெக்ட்ரா. இரண்டு இயந்திரம், பயணிகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் எரிபொருள் தாங்கி. ஓக்லாந்திலிருந்து மேற்கு நோக்கி முதற் கட்டம் நன்றாகவே முடிந்தது. இரண்டாம் கட்டம் ஹவாயிலிருந்து ஹவ்லண்ட் தீவுக்கு. கூட இருந்தவர்கள் வழிகாட்டிகளான ஹரி மேனிங், பிரெட் நூனன். ஏறத்தாழ 900 கலன் எரிபொருளோடு ஓடத் தொடங்கிய எலெக்ட்ரா வலப்பக்கம் இழுத்தது. அமேலியா இடது இயந்திரத்தின் பலத்தைக் குறைத்தார். விமானம் இடப்பக்கம் சுழன்றது. சக்கரக் கால்கள் முறிந்து, வயிறு தரையில் உரசிப் பொறி பறக்கச் சறுக்கி நின்றது. எரிபொருள் பற்றிக்கொள்ளாதது அதிர்ஷ்டம்.

ரயர் வெடித்திருக்கலாம் என்று ஒரு கட்சி. இயந்திரங்களின் பலத்தை மாற்றி மாற்றித் திருப்புவதைச் செய்யாதே என்று ஆலோசகர் போல் மான்ட்ஸ் முன்பே எச்சரித்திருந்தார் என்று இன்னொரு கட்சி. பாரம் ஏறிய விமானத்தை ஓட்டத்தின் தொடக்கத்திலேயே நேராக வைத்திருக்க வேண்டும். ஒருமுறை சாயத் தொடங்கினால் அதன் நிறையே அதைத் தள்ளும். எனக்கு இரண்டாம் கட்சிதான் சரியெனப் படுகிறது. ரயர் வெடித்திருந்தாலும் பிறகு நடந்தது கையால் நடந்தது.

அந்தச் சில வினாடிகள் மாற்றியது விமானத்தை மட்டுமல்ல. பழுதுபார்த்து முடிய மே மாதமாகிவிட்டது. பருவம் மாறியதால் கிழக்கு நோக்கிப் போவதென்று திசையைத் திருப்பினார்கள். முதல் திட்டத்தில் ஹவ்லண்ட் பயணத்தின் தொடக்கத்தில் இருந்தது. வானொலியில் தேர்ந்த மேனிங் கூட இருந்தார். புதிய திட்டத்தில் ஹவ்லண்ட் கடைசியில் போய் நின்றது, உலகின் முக்கால்வாசியையும் சுற்றிக் களைத்த பின்னர். மேனிங் விலகிவிட்டார். வானில் அவருக்குத் துணை நூனன் மட்டும். நூனன் நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பதில் வல்லவர். மோர்ஸ் சங்கேதத்தில் இருவருமே வல்லவர்கள் அல்ல.

ஜூன் 1 அன்று மியாமியிலிருந்து கிளம்பினார்கள். தென் அமெரிக்கா, ஆபிரிக்கா, கராச்சி. ஜூன் 17 கல்கத்தா. இந்தியாவில் மழை தொடங்கிவிட்டிருந்தது. டம் டம் விமானத்தளம் இரவு மழையில் ஊறிப்போனது. இன்னும் மழை வரப்போகிறது, இருந்தால் முற்றாகவே மாட்டிக்கொள்வோம் என்று கணக்குப் பார்த்து 18 ஆம் திகதி காலை ஓடினார்கள். சேறு சக்கரங்களைப் பிடித்துக்கொண்டது. பாதை முடியும் தறுவாயில் விமானம் விடுபட்டு, தளத்தின் எல்லையில் நின்ற மரங்களை மயிரிழையில் தாண்டியது. அதைத் தானே செய்தியாக எழுதி அனுப்பினார் அமேலியா.

டம் டம் சரியான முடிவா? இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மரங்களைத் தாண்டியதால் அது சரியாகிவிடாது. ஆனால் பயணத்தின் பின்னால் இருந்த காசைப் பார்க்காமல் அந்த முடிவைப் பேசவும் முடியாது. பயணச் செய்திகள் நியூயோர்க் ஹெரால்ட் ட்ரிபியூனுக்கு விற்கப்பட்டிருந்தன. ஆயிரக்கணக்கான நினைவு முத்திரைக் கடித உறைகள் விமானத்தில் இருந்தன. ஹவாய் விபத்து பெருங்கடனை விட்டுச்சென்றிருந்தது. அமெரிக்க சுதந்திர தினமான ஜூலை 4 ஐ ஒட்டி வீடு திரும்பினால் அது பெரிய செய்தி. கட்டுரைக்குக் காசு வாங்குகிற எனக்கு அந்த நெருக்குதலின் ஒரு சிறு துளியாவது தெரியும். காத்திருப்பதற்கு யாரும் காசு தருவதில்லை.

ஜூன் 29 அன்று லே. தங்கம் தோண்டும் ஊர்களுக்குப் பொருள் ஏற்றும் விமானங்களின் தாய்த்தளம். அங்குள்ள விமானிகள் மலைச்சரிவில் மேல்நோக்கி இறங்கிக் கீழ்நோக்கிப் புறப்படும் வாவ் போன்ற தளங்களில் தினமும் வேலை செய்தவர்கள். குறுகிய பாதை அவர்களுக்குப் புதினமல்ல. ஹவ்லண்டுக்கு அங்கிருந்து சுமார் 4,100 கிலோமீற்றர். இரண்டரைக் கிலோமீற்றர்கூட நீளமில்லாத தட்டையான தீவு. அவரது பயணத்தை முன்னிட்டு அமெரிக்க அரசு அதில் ஓடுபாதை அமைத்திருந்தது.

லேயின் கின்னி எயார்வேஸ் மேலாளர் எரிக் சேட்டர் பின்னர் எழுதிய அறிக்கையில் ஒரு விவரம் இருக்கிறது. 81 கலன் கொள்ளும் தாங்கி ஒன்றில் உயர்தர 100 ஒக்ரேன் பெற்றோல் 50 கலன் அளவில் மிஞ்சியிருந்தது. அதை லேயின் சாதாரண பெற்றோலால் நிரப்பாமல் அப்படியே விட்டார்கள். உயர்தர பெற்றோலில் இயந்திரம் புறப்படும் வேளையில் கூடுதல் பலம் தரும். கலந்தால் அந்த நன்மை கெடும். 4,100 கிலோமீற்றர் கடலுக்கு மேல் போகப்போகிறவர் 30 கலன் எரிபொருளை வேண்டாமென்று விட்டது, முதல் ஒரு நிமிடத்துக்குப் பலம் வேண்டும் என்பதற்காக. இது ட்ரெபாசியைப் பார்த்த ஒருவரின் கணக்கு.

ஓடுபாதையின் விளிம்பில் எலெக்ட்ரா தரையை விட்டது. பிறகு இறங்கியது. கடலுக்கு மிக அருகே, நீரைத் தொட்டுவிடும் போல என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்க்கிறவருக்கு அது கிட்டத்தட்ட விபத்து. நீருக்கோ தரைக்கோ மிகவும் நெருங்கிப் பறக்கும்போது இறக்கையின் கீழ் காற்று மெத்தை போலத் தாங்கும். அந்த மெத்தையில் தாழ இருந்து வேகத்தைச் சேர்த்துக்கொண்டு பிறகு மெல்ல ஏறுவதுதான் அந்த எடைக்கு ஒரே வழி. விமானம் தாழும்போது மூக்கை இழுக்காமல் இருக்க வேண்டும். 1921 இல் யூகலிப்டஸ் மரங்களைக் கண்டு இழுத்த கை, 1937 இல் கடலைக் கண்டு இழுக்கவில்லை. லூக் தளத்தின் தடுமாற்றமும் இல்லை. குறுகிய பாதைப் புறப்பாடு என்ற அளவில் அதைப் பிழை பிடிக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆனால் அதற்கு முந்தைய நாள், ஜூலை 1, அரை மணி நேரச் சோதனைப் பறப்பு ஒன்று நடந்தது. வானொலி அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் கருவியைப் பரீட்சித்தார். திசை கிடைக்கவில்லை. நிலையம் மிக அருகில் இருப்பதால் என்று காரணம் சொல்லப்பட்டது, அத்துடன் விட்டுவிட்டார்கள். கடலின் நடுவே அந்தத் துண்டுத் தீவைக் கண்டுபிடிக்கக் கடைசியில் நம்பியிருக்க வேண்டிய கருவி அது. தூரத்துக்குப் போய் மறுபடி பரீட்சிக்க இன்னொரு மணித்தியாலம் போதும். என் பார்வையில் நிறுத்தியிருக்க வேண்டிய பாதிப் பாதை அடையாளம் அதுதான். அது ஓடுபாதையில் இருக்கவில்லை.

படம் பிடித்தவர் புறப்பாட்டைப் பிடித்தார். வானொலிச் சோதனையைப் பிடிக்க யாரும் வரவில்லை, அதில் காட்ட ஒன்றுமில்லை. 80 வருடங்களுக்கு மேலாக அவருடைய தீர்மானம் பற்றிய வாதம் அந்த 3,000 அடியிலேயே சுற்றிவருவதற்குப் படம் இருப்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஊடகக் கற்கையில் எங்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்தார்கள். படம் இருக்கிற இடத்தில் கதையும் போய் நிற்கும் என்று.

புறப்பட்ட பின்னர் எதிர்க்காற்று பலமாக இருக்குமென்ற தகவல் லேக்கு வந்தது. மூன்று தடவை வானொலியில் அனுப்பினார்கள். கிடைத்ததாகப் பதில் இல்லை. ஹவ்லண்டில் காத்திருந்த கரையோரக் காவற்கப்பல் இட்டாஸ்காவுக்கு விடியற்காலையில் அவரது குரல் தெளிவாகவே கேட்டது. கப்பல் பேசியது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கிறோம், தீவைக் காணவில்லை, எரிபொருள் குறைகிறது என்ற தகவல்களின் பின், லேயிலிருந்து கிளம்பி 20 மணித்தியாலம் 13 நிமிடத்தில் கடைசிச் செய்தி வந்தது. லெக்சிங்டன் விமானந்தாங்கி உட்படக் கப்பல்கள் தேடி, ஜூலை 19 அன்று நிறுத்தின. 1939 ஜனவரியில் நீதிமன்றம் அவரை இறந்தவர் என்று அறிவித்தது.

வழியில் அவர் அனுப்பிய செய்திகளையும் குறிப்புகளையும் சேர்த்துப் புட்னம் 1937 இலேயே ஒரு நூலாக வெளியிட்டார். டெக்ஸ்கோகோ, லூக் தளம், டம் டம் புறப்பாடுகள் அதில் இருக்கின்றன, அவருடைய வார்த்தைகளிலேயே. லே வரையில் எழுதி அனுப்பியிருக்கிறார். லேயிலிருந்து புறப்பட்டது எப்படி என்பது மட்டும் மற்றவர்கள் கரையில் நின்று பார்த்துச் சொன்னது.